டிரென்டனில் ஒரு நெல்லூர்க்காரர்: வாசகர் கேள்வி – பதில்

நெல்லூரில் பிறந்து, கிண்டியில் பொறியியல் படித்து, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில் 12 ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினராக இருந்தவர் உபேந்திரா சிவுகுலா. சென்ற இதழில் அவரைப் பற்றி நான்கு வரிக் குறிப்பு ஒன்று போட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு நகரி, புத்தூர், சத்தியவேடு, சூளூர்ப்பேட்டைப் பக்கத்து வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

சிவுகுலா அங்கே எம்.பி.யா, எம்.எல்.ஏ.வா? நம் பக்கத்து ஆள் ஒருவர் அந்த ஊர்த் தேர்தலில் எப்படி ஜெயித்தார்?
– வாசகர், நகரி

எம்.எல்.ஏ.தான். நியூஜெர்சியின் தலைநகர் டிரென்டன். அங்குள்ள சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள்: 80 பேர் கொண்ட அசெம்பிளி, 40 பேர் கொண்ட செனட். சிவுகுலா இருந்தது அசெம்பிளியில்.

1950-இல் அவர் பிறந்தபோது ஆந்திர மாநிலமே உருவாகவில்லை. நெல்லூர் சென்னை ராஜ்யத்தின் ஜில்லா. கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார். பிறகு நியூயார்க் சிட்டி காலேஜில் முதுநிலைப் பட்டம். நேராகச் சட்டமன்றத்துக்கு அவர் போகவில்லை. முதலில் ஃபிராங்க்ளின் டவுன்ஷிப் என்ற ஊரின் கவுன்சிலர், 2000-இல் அதே ஊரின் மேயர், 2001 நவம்பர் தேர்தலில் 17-ஆம் தொகுதியின் அசெம்பிளி உறுப்பினர். 2002 ஜனவரியில் பதவியேற்றார். இந்திய வம்சாவளியில் நியூஜெர்சி அசெம்பிளிக்குத் தேர்வான முதல் ஆள் அவர். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் மாநிலச் சட்டமன்றம் ஒன்றுக்குத் தேர்வான முதல் இந்திய வம்சாவளியினர் மேரிலாந்தின் குமார் பார்வே, அது 1990-இல்.

ஊர் கவுன்சிலில் கழித்த அந்தச் சில ஆண்டுகள்தான் சிவுகுலாவின் வெற்றிக்கு அடிப்படை என்பது எங்கள் கணிப்பு. குப்பை வரி, வடிகால், கட்டட அனுமதி என்று வீட்டுக்கு வீடு தொடுகிற வேலை அது. தொகுதியின் கட்சிக் கமிட்டிக்காரர்கள் அங்கேதான் ஒருவரை எடைபோடுகிறார்கள். சட்டமன்றத்துக்குப் போன பிறகும் சில ஆண்டுகள் கவுன்சிலராகவே நீடித்தார். அன்றைக்கு அதற்குத் தடை இல்லை. 2008-க்குப் பின் புதிதாக வருகிறவர்கள் இரண்டு பதவிகளையும் சேர்த்து வகிக்க முடியாது.

அமெரிக்க எம்.எல்.ஏ.வுக்கு நம் எம்.எல்.ஏ.வைப் போல அதிகாரம் உண்டா? அமைச்சர் ஆவாரா? தொகுதி நிதி கிடைக்குமா?
– வாசகர், பலமநேர்

அமைச்சர் ஆக முடியாது. சட்டமன்றம் தனி, நிர்வாகம் தனி. மாநிலத்தின் தலைமை கவர்னரிடம். அவர் டெல்லி அனுப்பிவைக்கிற ஆளுநரைப் போன்றவர் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். ஆகவே அசெம்பிளியில் பெரும்பான்மை மாறினாலும் கவர்னர் ஆட்சி கவிழாது. இங்கே நடப்பதுபோல் உறுப்பினர்களைப் பேருந்தில் ஏற்றி விடுதியில் வைத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. நம் ஊரில் இருப்பது போன்ற தொகுதி மேம்பாட்டு நிதியும் கிடையாது.

அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம், காப்பீடு, மின்கட்டணம், குற்றவியல் சட்டத்தின் பெரும்பகுதி, ஊராட்சிகளின் அமைப்பு எல்லாம் வாஷிங்டன் கையில் இல்லை, மாநிலங்கள் கையில். அங்கே குடியிருக்கும் நம் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையைத் தொடுகிற சட்டங்களில் பெரும்பாலானவை மாநிலத் தலைநகரில் எழுதப்படுபவை. நம் பத்திரிகைகள் வெள்ளை மாளிகைச் செய்தியை மட்டும் போட்டுவிட்டு இதை விட்டுவிடுவது பெரிய குறை.

50 மாநிலங்களிலும் சேர்த்து 7,386 மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நெப்ராஸ்காவுக்கு மட்டும் ஒரே அவை, 49 பேர். நியூ ஹாம்ப்ஷயரின் கீழவையில் 400 பேர். ஓர் உறுப்பினருக்கு ஏறக்குறைய 3,400 மக்கள்தான். கலிபோர்னியா செனட்டர் ஒருவருக்கோ பத்து லட்சத்தை ஒட்டிய மக்கள். நியூஜெர்சியில் தொகுதிக்குச் சுமார் 2,32,000 பேர். ஒவ்வொரு தொகுதியும் ஒரு செனட்டரையும் இரண்டு அசெம்பிளி உறுப்பினர்களையும் அனுப்புகிறது.

டிக்கெட் யார் கொடுக்கிறார்கள்? கட்சித் தலைமையைப் போய்ப் பார்க்க வேண்டுமா?
– வாசகர், சத்தியவேடு

கட்சி தன் வேட்பாளருக்குக் கொடுக்கும் ‘பி ஃபாரம்’ என்ற ஒன்று அங்கே இல்லை. கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்கும். அதற்குப் பிரைமரி என்று பெயர். நியூஜெர்சியில் அது ஜூன் மாதம். அதில் ஜெயிப்பவரே நவம்பர் தேர்தலில் கட்சி வேட்பாளர். ஒரே கட்சிக்குச் சாய்ந்த தொகுதிகளில் ஜூனிலேயே எல்லாம் முடிந்துவிடும், நவம்பர் வெறும் சடங்கு.

வேட்புமனுவுக்கு டெபாசிட் கட்ட வேண்டியதில்லை. அதற்குப் பதில் வாக்காளர் கையெழுத்து. சிவுகுலா நின்ற காலத்தில் நியூஜெர்சியின் அசெம்பிளிப் பிரைமரிக்கு 100 கையெழுத்துகள் போதும். கேட்கச் சுலபம், ஆனால் பலர் சறுக்குவது இங்கேதான். கையெழுத்துப் போட்டவர் வேறு தொகுதியில் குடியிருப்பார். வாக்காளராகப் பதிவாகியிருக்க மாட்டார், அல்லது வேறு கட்சிக்காரராகப் பதிவாகியிருப்பார். மனைவிக்காகக் கணவர் போட்டிருப்பார். எழுத்து விளங்காது. எதிராளி ஒவ்வொரு வரியாக ஆட்சேபம் எழுப்பலாம். அதனால் அனுபவமுள்ளவர்கள் தேவையானதைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்கி, வாக்காளர் பட்டியலோடு தாங்களே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாக்கல் செய்வார்கள்.

இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் பராக் ஒபாமா. 1996-இல் இல்லினாய் மாநில செனட்டுக்கு முதல்முறை நின்றபோது, அப்போதைய செனட்டர் ஆலிஸ் பாமர் உட்பட எதிராளிகள் அனைவரின் கையெழுத்துகளையும் அவருடைய ஆட்கள் ஆட்சேபித்தார்கள். ஒருவர்கூட மிஞ்சவில்லை. பிரைமரியில் ஒபாமா தனியாகவே நின்றார்.

நியூஜெர்சிக்கே உரிய தடை இன்னொன்றும் இருந்தது. கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்றது. கவுண்டிக் கட்சி யாரை ஆதரிக்கிறதோ அவர்கள் பெயரெல்லாம், பெரிய பதவியிலிருந்து ஊர் கவுன்சில் வரை, வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் அச்சாகும். மற்றவர்கள் பெயர் தள்ளி ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். இதைக் ‘கவுண்டி லைன்’ என்பார்கள். லைன் கிடைத்தவர் தோற்பது அபூர்வம். 2024 மார்ச்சில் மத்திய நீதிமன்றம் ஒன்று இதற்கு எதிராகத் தடை உத்தரவு போட்டது. 2025 பிரைமரியில் பதவிவாரியாகப் பெயர்களை அச்சடித்தார்கள். அதற்கு முன்பு கவுண்டித் தலைவர் வீட்டு வாசலில் நிற்காமல் நியூஜெர்சியில் மேலே வந்தவர் குறைவு. ஆகவே உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது: மாநிலத் தலைமையைப் பார்க்க வேண்டாம், ஜில்லாத் தலைமையைப் பார்த்தே ஆக வேண்டும்.

வயது, குடியிருப்பு விதிகளையும் சொல்லிவிடுகிறோம். நியூஜெர்சி அசெம்பிளிக்கு 21 வயது, மாநிலத்தில் 2 ஆண்டு, தொகுதியில் ஓர் ஆண்டு. செனட்டுக்கு 30 வயது, மாநிலத்தில் 4 ஆண்டு. பிறப்பால் அமெரிக்கராக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த விதி குடியரசுத் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும்தான்.

ஒரு சாதாரண உறுப்பினர் கொண்டுவரும் மசோதா அங்கே சட்டமாகுமா? இங்கே தனிநபர் மசோதா பேச்சோடு போய்விடுகிறதே.
– சட்டக்கல்லூரி மாணவி, சூளூர்ப்பேட்டை

நல்ல கேள்வி. அங்கே எல்லாமே தனிநபர் மசோதாக்கள்தான். கவர்னருக்கே ஒரு சட்டம் வேண்டுமென்றாலும் அதைத் தன் பெயரில் கொண்டுவர ஓர் உறுப்பினரைப் பிடிக்க வேண்டும்.

நியூஜெர்சி வழக்கப்படி உறுப்பினர் ஒரு யோசனையைச் சொன்னால், கட்சி சாராத சட்டமன்றச் சேவை அலுவலகத்தின் வழக்கறிஞர்கள் அதைச் சட்ட வாசகமாக எழுதித் தருவார்கள். அசெம்பிளி மசோதாவுக்கு ‘ஏ’ எண், செனட் மசோதாவுக்கு ‘எஸ்’ எண். அனுபவசாலி முதல் நாளே செனட்டில் ஒரு துணையைத் தேடி, எழுத்து மாறாமல் அதே மசோதாவை அங்கேயும் தாக்கல் செய்யவைப்பார். இதைச் செய்யாமல் விட்டால் ஓர் அவையில் நிறைவேறிய மசோதா மறு அவையில் அநாதையாகக் கிடக்கும்.

அடுத்து ஸ்பீக்கர் அதை ஒரு கமிட்டிக்கு அனுப்புவார். மசோதாக்களில் பெரும்பாலானவை சாகுமிடம் அதுதான். வாக்கெடுப்பில் தோற்றுச் சாவதில்லை. கமிட்டித் தலைவர் பட்டியலில் சேர்க்கவே மாட்டார், அவ்வளவுதான். கமிட்டி தாண்டினாலும் முழு அவையின் பட்டியலில் போடுவது மறுபடி ஸ்பீக்கர் விருப்பம். அசெம்பிளியில் 41 ஓட்டு வேண்டும், செனட்டில் 21. வந்திருப்பவர்களில் பாதி என்ற கணக்கு செல்லாது. 60 பேர் மட்டும் வந்திருந்தாலும் 41 வேண்டும். ஆகவே ஓட்டுப் போடாமல் நழுவுவதும் எதிர்த்துப் போடுவதற்குச் சமம்.

பிறகு கவர்னர். அவருக்கு 45 நாள். கையெழுத்திடலாம், முற்றாக மறுக்கலாம், அல்லது ‘இந்த இந்த வரிகளை மாற்றித் தந்தால் ஒப்புவேன்’ என்று திருப்பலாம். இந்த மூன்றாவது வழி நியூஜெர்சி கவர்னரின் பலமான ஆயுதம். மறுப்பை மீற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்: அசெம்பிளியில் 54, செனட்டில் 27. இரண்டு ஆண்டுக் கூட்டத்தொடர் முடியும்போது நிறைவேறாத எல்லாம் காலாவதி. அதனால்தான் நவம்பர் தேர்தலுக்கும் ஜனவரிக்கும் இடையில் மசோதாக்கள் குவியல் குவியலாக ஓடும்.

நம் மாணவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அங்கே கட்சித்தாவல் தடைச்சட்டம் இல்லை என்பது. நமக்கு 1985-இல் பத்தாவது அட்டவணை வந்த பிறகு கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும். அங்கே கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டால் கமிட்டிப் பதவி போகலாம், அடுத்த பிரைமரியில் எதிராளி முளைக்கலாம். உறுப்பினர் பதவி போகாது. அதனால் 41 என்பதை ஒவ்வொரு மசோதாவுக்கும் புதிதாகத் திரட்ட வேண்டியிருக்கிறது.

சிவுகுலா பொறியாளர் என்பது இங்கே பலன் தந்தது. தொலைத்தொடர்பு, மின்சாரம் போன்றவற்றைப் பார்க்கும் கமிட்டிக்குத் தலைவரானார். 2010-இல் நிறைவேறிய சூரிய மின்சாரச் சட்டம், கடல் காற்றாலைச் சட்டம் இரண்டையும் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். மின் விற்பனையாளர்கள் ஆண்டுதோறும் இவ்வளவு சூரிய மின்சாரத்துக்குச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்று வைத்தால், கூரையில் தகடு போட்டவருக்கு அந்தச் சான்றிதழை விற்று வருமானம் வரும். இந்த ஏற்பாட்டில் அளவைக் குறைத்து வைத்தால் சான்றிதழ் விலை சரியும். கூட்டி வைத்தால் மின்கட்டணம் ஏறும். அந்தக் கணக்கை விளங்கிக்கொள்ளும் ஒருவர் கமிட்டித் தலைவராக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! துறை தெரிந்தவர் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும் என்று நாம் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

சம்பளம் எவ்வளவு?
– வாசகர், நாராயணவனம்

மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நியூ ஹாம்ப்ஷயரில் ஆண்டுக்கு 100 டாலர். 1889 முதல் அதே தொகை. நியூ மெக்சிகோவில் சம்பளமே இல்லாமல் படியோடு காலம் தள்ளியிருக்கிறார்கள். டெக்சாஸில் மாதம் 600 டாலரும், கூடும் நாட்களுக்குப் படியும். அந்தச் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாள் மட்டுமே. நியூயார்க்கில் 1,42,000 டாலர். நியூஜெர்சியில் சிவுகுலா காலத்தில் 49,000. 2026 முதல் 82,000.

சம்பளம் குறைந்த இடங்களில் யார் வர முடியும் என்று பாருங்கள்: ஓய்வுபெற்றவர், வழக்கறிஞர், சொந்தத் தொழில்காரர், வேலைக்குப் போகும் துணை உள்ளவர். மாதச் சம்பளக்காரர் நாலு மாதம் விடுப்பு எடுத்துவிட்டுத் தலைநகரில் உட்கார எந்த முதலாளி ஒப்புவார்? குறைந்த சம்பளத்தைத் தியாகம் என்று புகழ்வதை நாங்கள் ஏற்பதில்லை. அது ஏழையை வாசலிலேயே நிறுத்துகிறது.

மகள் எச்1பி விசாவில் நியூஜெர்சியில் இருக்கிறாள். அங்கே தெரிந்த இந்தியர் ஒருவர் தேர்தலில் நிற்கிறார். நாங்கள் இங்கிருந்து கொஞ்சம் பணம் அனுப்பலாமா? மகள் கொடுக்கலாமா?
– வாசகி, சித்தூர்

வேண்டாம் அம்மா. நீங்களும் கொடுக்கக் கூடாது, மகளும் கொடுக்கக் கூடாது. அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ அல்லாத எவரும் மத்திய, மாநில, உள்ளூர்த் தேர்தல் எதற்கும் பணம் தருவதை அங்குள்ள மத்தியச் சட்டம் தடுக்கிறது. பணத்தை மகளின் குடியுரிமை பெற்ற தோழி கணக்கில் போட்டு அவர் பெயரில் கொடுப்பது இன்னும் பெரிய குற்றம். மாட்டுவது வேட்பாளரும் சேர்த்துத்தான்.

சம்பளம் வாங்காமல் உழைக்கலாம். வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுப்பது, தொலைபேசியில் பேசுவது, தமிழ், தெலுங்குக் குடும்பங்களுக்கு விளக்குவது எல்லாம் சரி.

இன்னொன்றை மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்திலேயே வாக்காளராகப் பதிய வேண்டுமா என்று படிவத்தில் கேட்பார்கள். அவசரத்தில் ‘குடிமகன்’ என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டால், அது பொய்யாகக் குடியுரிமை கோரியதாகிவிடும். பின்னாளில் கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பங்களில் அது பெரும் சிக்கலாக வந்து நிற்கும். நாடு கடத்தல் வரைக்கும் போகும். படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

குடியுரிமை கிடைத்த பிறகு ஓட்டு, நன்கொடை, வேட்புமனு எல்லாம் திறந்துவிடும். பொதுவாகக் கிரீன் கார்டு வாங்கி 5 ஆண்டு. இந்தியர்களுக்குக் கிரீன் கார்டு வரிசையே நீண்டு கிடப்பதால் முதல் தலைமுறையினர் பலர் நாற்பது, ஐம்பது வயதில்தான் தேர்தல் பக்கம் வர முடிகிறது.

எங்கள் புத்தூர்ச் சட்டமன்றத் தொகுதி 2008 மறுசீரமைப்பில் மறைந்து, ஊர் நகரித் தொகுதிக்குள் போய்விட்டது. அமெரிக்காவிலும் இப்படி நடக்குமா?
– வாசகர், புத்தூர்

பத்து ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. 1964-இல் உச்ச நீதிமன்றம் மாநிலத் தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்று தீர்த்தது. ஆகவே ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின்னும் கோடுகள் மாறும். நாமோ பல பத்தாண்டுகளாக எண்ணிக்கையை உறையவைத்திருக்கிறோம்.

வேறுபாடு யார் கோடு போடுகிறார் என்பதில். இங்கே நீதிபதி தலைமையில் ஆணையம். அங்கே பல மாநிலங்களில் சட்டமன்றமே தன் தொகுதிகளை வரைந்துகொள்கிறது. வெற்றிபெற்ற கட்சி எதிராளிகள் இருவரின் வீடுகளை ஒரே தொகுதிக்குள் அடைத்து, ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளவைக்கும். கலிபோர்னியாவில் 14 குடிமக்கள் கொண்ட ஆணையம். நியூஜெர்சியில் இரு கட்சிகளும் நியமிக்கும் 10 பேர். அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் தலைமை நீதிபதி 11-ஆவது ஆளை அமர்த்துவார். அந்த ஒருவர் எந்த வரைபடத்துக்குக் கை தூக்குகிறாரோ அதுவே பத்தாண்டுக்கு.

1960 ஏப்ரலில் திருத்தணி அந்தப் பக்கமும் சத்தியவேடு இந்தப் பக்கமும் மாறியபோது நம் பெரியவர்கள் பட்ட பாடு நினைவிருப்பவர்களுக்கு, ஒரு கோடு எத்தனை பேர் வாழ்வைத் திருப்பும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

பதவியில் இருப்பவர் நடுவில் விலகினால் இடைத்தேர்தலா?
– வாசகர், குப்பம்

மாநிலத்தைப் பொறுத்தது. நியூஜெர்சியில் அந்தக் கட்சியின் கமிட்டி உறுப்பினர்கள் கூடி 35 நாளுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு நவம்பரில் தேர்தல். 2014-இல் சிவுகுலா மாநில மின்சார, குடிநீர்ச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் வாரியத்தின் ஆணையராகப் போனபோது இப்படித்தான் அவர் இடம் நிரம்பியது.

வர்ஜீனியாவில் இடைத்தேர்தல். சுஹாஸ் சுப்ரமணியம் மாநில செனட்டராக இருந்து 2024 நவம்பரில் வாஷிங்டன் பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்தார். காலியான செனட் இடத்துக்கு மாநிலக் கீழவையிலிருந்து கண்ணன் ஸ்ரீனிவாசன் நின்றார். அவர் இடம் காலியாகும் என்பதால் அதற்கும் சேர்த்து 2025 ஜனவரி 7 அன்று ஒரே நாளில் இரண்டு இடைத்தேர்தல்கள். மறுநாள் சட்டமன்றம் கூடிவிட்டது. பிரச்சாரத்துக்குக் கிடைத்தது குளிர்காலத்துச் சில வாரங்கள். இத்தகைய தேர்தலில் வாக்களிப்போர் குறைவு. முந்தைய தேர்தலின் தன்னார்வலர் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் முன்னுக்குப் போவார்.

மாநிலச் சட்டமன்றம் மேலே போக ஏணியா?
– வாசகர், தடா

பலருக்கு ஆம். ஆபிரகாம் லிங்கன் 1832-இல் தோற்று, 1834-இல் இல்லினாய் கீழவைக்கு வந்து நான்கு முறை உறுப்பினராக இருந்தார். சென்னையில் பிறந்த மலையாளி பிரமிளா ஜெயபால் வாஷிங்டன் மாநில செனட்டில் இரண்டே ஆண்டு இருந்துவிட்டு 2016-இல் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். நியூயார்க் மேயரான ஜோரான் மம்தானி அதற்கு முன் அந்த மாநில அசெம்பிளியில் 150 பேரில் ஒருவர்.

ஏறாதவர்களும் உண்டு. சிவுகுலா 2012-இலும் 2014-இலும் வாஷிங்டன் பிரதிநிதிகள் சபைக்கு முயன்று தோற்றார். ஆனால் அசெம்பிளிப் பதவி போகவில்லை. நியூஜெர்சி சட்டமன்றத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டில், வாஷிங்டன் தேர்தல் இரட்டைப்படை ஆண்டில். இருக்கும் இடத்தை விடாமல் மேலே முயன்று பார்க்க அந்த நாட்காட்டி இடம் கொடுக்கிறது. இரண்டும் ஒரே ஆண்டில் வரும் மாநிலங்களில் இந்த வசதி கிடையாது.

இங்கிருந்தே ஓர் அமெரிக்க உறுப்பினரின் வேலையைப் பின்தொடர வழி உண்டா? கல்லூரித் திட்டக் கட்டுரைக்காகக் கேட்கிறேன்.
– மாணவர், திருப்பதி

உண்டு, காசும் வேண்டாம். அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் உறுப்பினர் பெயரைத் தேடினால் அவர் முதன்மையாகக் கொண்டுவந்தவை, கூடக் கையெழுத்திட்டவை என்று மசோதாக்கள் தனித்தனியாக வரும். முதன்மையானவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடக் கையெழுத்திடுவதற்குப் பெரிய உழைப்பு தேவையில்லை. பிறகு ஒவ்வொரு மசோதாவின் வரலாற்றுப் பகுதியில் எந்தத் தேதியில் எந்தக் கமிட்டி, யார் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சித் தேர்தல் நிதிக் கணக்குகள் தனி ஆணையத்தின் தளத்தில்: தேர்தலுக்கு 29 நாள் முன், 11 நாள் முன், 20 நாள் பின் என்று மூன்று அறிக்கைகள். மின்சாரக் கமிட்டித் தலைவருக்கு மின் நிறுவனத்தார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதில் பார்க்கலாம்.

டிரென்டனில் கூட்டங்கள் பெரும்பாலும் திங்கள், வியாழன். நேரலை பார்ப்பதானால் அவர்களின் பிற்பகல் 1 மணி கோடையில் நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. பதிவும் கிடைக்கும்.

தேடும்போது பலரும் தடுமாறும் இடம் ஒன்று. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மசோதா எண்கள் புதிதாகத் தொடங்கும். காலாவதியான மசோதாவை உறுப்பினர் மறுபடி தாக்கல் செய்தால் எண் மாறியிருக்கும். எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் சம்பந்தமில்லாத வேறொன்று வந்து நிற்கும். கூட்டத்தொடர் ஆண்டையும் எண்ணையும் எப்போதும் சேர்த்தே எழுதிவையுங்கள்.